மணி அடித்தால் கேஜ் நிற்கும்

எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தை, நாங்கள் சொல்லும் மைன்ஸை, மூடுவதற்குச் சில வருடங்கள் முன்னால் நடந்தது. என் மகள் கலாவுக்கு ஆட்டிசம். பசித்தாலும் ஒன்றுக்கு முட்டினாலும் அவளுக்குப் புரியாது. திடீரென்று விழுந்து தலையைத் தரையில் மோதிக்கொள்வாள்.

சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் இரும்புக் கூண்டுக்கு, அதாவது கேஜுக்கு, மணி அடிப்பது என் கணவரின் வேலை. ஓடுகிற கேஜ் மணி அடித்தால் நின்றுவிடும். வீட்டில் தட்டைத் தட்டி அவர் அதை நடித்துக் காட்டினால் கலா சிரிப்பாள். நான் அதையே பிடித்துக்கொண்டேன். சாப்பாட்டுக்கு முன்னால் அவள் கையை அவள் வயிற்றிலேயே வைப்பேன்.

"உள்ள மணி அடிக்குதா பாரு. அடிச்சா கேஜ் நிறுத்து, அம்மாகிட்ட சொல்லு."

மாதக்கணக்கில் பதிலே இல்லை. நானும் விடவில்லை.

ஒருநாள் குழாயடியில் நின்றிருந்தோம். கலா முனகத் தொடங்கினாள்.

"இன்னா பொண்ணு இது! ரெண்டு போடு, அடங்கிடும்" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யாரைடி அடிக்கச் சொல்ற?" என்று குடத்தை ஓங்கிவிட்டேன்.

கலா என் நெஞ்சில் உள்ளங்கையை அழுத்தினாள். அது படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, மணி அடிக்குது. கேஜ் நிறுத்து."

குடத்தைக் கீழே வைத்தேன். அவள் என் கையை எடுத்துத் தன் அடிவயிற்றில் வைத்தாள்.

"இங்கயும்."

வரிசையை விட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அன்று எங்களுக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை. ஆனால் அவள் பாவாடை நனையவில்லை.

இன்றும் கோபம் தலைக்கேறினால், வாய் திறப்பதற்கு முன் என் கை நெஞ்சுக்குப் போய்விடுகிறது.