திருநீற்றில் கலந்த கடல்

கிட்னி பழுதாகி மகள் கெம்பஸ் படிப்பை விட்டு யட்டியாந்தோட்டை வீட்டுக்குத் திரும்பியபோது, ஒரு பழைய நுணுக்குக்காட்டியும் சின்னப் போத்தலில் வெள்ளை மண்ணும் கொண்டுவந்தாள். அந்த மண் முழுக்க ஆதிகாலத்துக் கடல்பாசிகளின் ஓடுகளாம். டயட்டம் என்று பெயர். வெறும் கண்ணுக்குத் தெரியாது.

“எல்லாம் உடைஞ்சு கிடக்குப்பா. உடையாத வட்ட ஓடு ஒன்னு கிடைச்சா படம் புடிச்சு கெம்பஸ்ல படிப்பிக்கிற மெடத்துக்கு அனுப்பிருவேன். அதோட என் படிப்பு வேலை முடிஞ்சிரும்.”

கரவனெல்ல ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்துவிட்டு வந்த அன்று படுத்தே கிடப்பாள். மற்ற நாட்களில் ஜன்னலோர மேசைதான்.

அப்படி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒருநாள், என் மனைவி அவள் நெற்றி நிறையத் திருநீறு பூசினாள்.

“நீ கொண்டாந்த விபூதி நல்ல நைசா இருக்கு புள்ள. எந்தக் கோயிலு?”

சாமித்தட்டுக் கிண்ணத்தில், இருந்த திருநீற்றோடு அந்தப் போத்தலைக் கவிழ்த்திருந்தாள். மகள் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

“கடலையே என் நெத்தியில பூசிட்டீங்கம்மா.”

“வேற மண் கேட்டுப் பாரேன்” என்றேன்.

“அது வர நாளாகும்ப்பா.” தன்னிடம் அவ்வளவு நாள் இல்லை என்பதைத்தான் அப்படிச் சொன்னாள்.

அதன்பிறகு தினமும் சாமியைக் கும்பிட்டு, கிண்ணத்தில் ஒரு சிட்டிகை எடுத்து, தண்ணீரில் கரைத்து, கண்ணாடித் தகட்டில் சொட்டுவிட்டுத் தேடினாள். ஒருநாள் முழுசாக ஒன்று அகப்பட்டது. ஓடு மேடும் பள்ளமுமாக இருப்பதால் ஒரே படத்தில் தெளியாதாம். நுணுக்குக்காட்டியின் திருகை இம்மி இம்மியாகத் திருப்பிப் பல படங்கள் எடுத்து ஒன்றாகச் சேர்க்க வேண்டும். நடுவில் எதுவும் ஆடக்கூடாது. எங்கள் வீடோ ரோட்டோரம். பஸ் போனால் மேசை அதிரும். நான் வாசலில் நின்று “பஸ் வருது” என்பேன். அவள் கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பாள். மனைவி மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தாள்.

“அம்மா, மூச்சு விடாதீங்க.”

“சாமி பேரயாவது சொல்லலாமா?”

“மனசுக்குள்ள.”

படம் வந்தது. தேனடை போலக் கண்கண்ணாக ஒரு வட்டம். ஓரத்தில் வெளிச்சம் புகாமல் கறுப்பாக ஒரு துகள், எங்கள் வீட்டுத் திருநீறு.

“அழிச்சிரலாமே?”

“இருக்கட்டும்ப்பா.”

அப்படியே அனுப்பினாள். படம் நன்றாக இருக்கிறது என்று மெடத்தின் பதில் வந்தபோது, கேட்க மகள் இல்லை. முருகன் கூப்பிட்டுக்கொண்டான். ஏன் என்று அவனிடம் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்போதும் ரோட்டில் சத்தம் கேட்டால் “பஸ் வருது” என்று வாய் சொல்லிவிடுகிறது. அடுப்படியில் மனைவி கைவேலையை விட்டுவிட்டு, பஸ் போகும்வரை அசையாமல் நிற்கிறாள்.