கிண்ணியாவில் வழுக்கிய பலகைகள்

1. மூன்றும் போய் மிச்சம் ஒன்று

"ஐயா, மூண்டாவது பலகையும் போயிட்டு. இனி ஒண்டுதான் மிச்சம்."

போனில் பேசியது கிண்ணியா ரிஸானா. வெளிநாட்டிலிருக்கும் அவளுடைய காக்கா, அதாவது அண்ணன், அனுப்பிய சிறிய மரம் செதுக்கும் மெஷினில் பெயர்ப்பலகை செய்கிறவள். உப்புவெளியில் திறக்கவிருந்த ஒரு விருந்தினர் விடுதி முதல்முறையாக அவளை நம்பிப் பெரிய பலகை ஒன்று கேட்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்காவிட்டால் பிளாஸ்டிக்கில் அச்சடித்து மாட்டிவிடுவார்களாம்.

"அதோட என்ர வேலையும் முடிஞ்சுது. இந்த மெஷின் விளையாட்டுச் சாமான் எண்டுதான் இப்பவே ஊருக்குள்ள கதை" என்றாள்.

நான் துறைமுக வேர்க்ஷொப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது கூப்பிடுகிற இடத்துக்குப் போய் மெஷின் திருத்துகிறேன். கன்வேயர் பெல்ட், வின்ச், பம்ப் என்று கழற்றிப் பூட்டியே காலம் போனது. அந்தத் திமிர் எனக்கு உண்டு. மேசையில் வைக்கிற மெஷின் எனக்கு என்ன பாடம் காட்டிவிடப்போகிறது என்று நினைத்துக்கொண்டு அன்று காலையே பஸ் ஏறினேன்.

2. பென்சில் கோடும் பூனையும்

மெஷின் வேலை செய்யும் விதம் எளிது. பலகையை ஒரு பக்கத்தால் உள்ளே விட வேண்டும். கீழே சொரசொரப்பான இரண்டு பெல்ட்டுகள் அதைப் பிடிக்கும், மேலே ரோலர்கள் அழுத்தும். பெல்ட் பலகையை முன்னும் பின்னும் நகர்த்த, பிட் என்கிற வெட்டும் அலகு குறுக்கே ஓடிச் செதுக்கும். பலகை வழுக்கினால் மெஷினுக்கு அது தெரியாது. தன்பாட்டில் செதுக்கிக்கொண்டே போகும். பழுதான மூன்றிலும் முதல் ஐந்து எழுத்துகள் அச்சொட்டாக இருந்தன. ஆறாவது, ஐந்தாவதின் மேல் ஏறிக் குந்தியிருந்தது.

பெல்ட்டில் மரத்தூள் அப்பியிருந்தது. பிரஷ் போட்டுத் தட்டினேன். ரோலரின் அழுத்தத்தைக் கூட்டினேன். பலகையின் விளிம்பு நேரா என்று மட்டம் வைத்துப் பார்த்தேன். நேர்தான். பழுதான பலகை ஒன்றை ஓடவிட்டேன், வழுக்கியது. பிறகு மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் துண்டு ஒன்றை விட்டேன். அது வழுக்கவேயில்லை!

எனக்கு ஆவல் பிடித்துக்கொண்டது. பலகையிலும் பெல்ட்டிலும் ஒரே நேர்கோட்டில் பென்சிலால் கோடு போட்டு, பழுதான பலகையை மறுபடி ஓடவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கோடுகள் இரண்டும் ஒரு விரல் அளவு விலகி நின்றன.

"பெல்ட்ட மாத்துவமா ஐயா?"

"பெல்ட்டில பிழை இல்ல, மகள். பலகையிலதான் என்னவோ இருக்கு."

என்ன இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. தொட்டால் காய்ந்த பலகை. பார்த்தால் நல்ல மகோகனி. இதற்குள் அந்த வீட்டுச் சாம்பல் பூனை வேறு காலுக்குள் காலுக்குள் வந்துகொண்டிருந்தது. இரண்டு தரம் துரத்தினேன். மூன்றாம் தரம் துரத்தக் கை ஓங்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். பூனை பழுதான பலகையை நக்கிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே கிடந்த எம்.டி.எஃப் துண்டை அது திரும்பியும் பார்க்கவில்லை.

பலகையை எடுத்து மோந்து பார்த்தேன். மீன் எண்ணெய்! வள்ளம் கட்டி மீன் எண்ணெய் பூசுகிற வளவு அது, காற்றெல்லாம் அதே மணம்தான். அதற்குள் பலகையின் மணத்தைப் பிரித்தறிய எங்கள் இருவராலும் முடியவில்லை.

3. ஓடாவியின் அன்பு

அந்த வளவில் வள்ளம் கட்டும் ஓடாவி, ரிஸானாவின் வாப்பா. பலகைகளைச் சீவிக் கொடுத்தவரும் அவர்தான். மகள் கூப்பிட, உளியோடு வந்தார்.

"வாப்பா, பலகைக்கு எண்ணெய் பூசினீங்களா?"

"பின்ன? சீவின பலகைய வெறுமையாக் குடுக்கேலுமா? கடல்காத்துக்கு வெடிச்சிடும். நல்லாத் தேச்சு, வெயில்ல காய வச்சுத்தான் தந்தனான்."

"நான் கேக்கவே இல்லையே!"

"கேட்டாத்தான் செய்யோணுமா? உன்ர முதல் பெரிய வேலையல்லோ."

நான் விளக்கினேன். மேலே காய்ந்திருந்தாலும் ரோலர் அழுத்த அழுத்த எண்ணெய் கசிந்து பலகையின் அடியில் பெல்ட்டின் பிடி விட்டுப்போகிறது. மனிதர் மெல்ல வாங்கில் உட்கார்ந்தார்.

"அப்ப மூண்டையும் பழுதாக்கினது நானா?"

ரிஸானா பழுதான மூன்று பலகைகளையும் எடுத்து அடுக்கினாள். கண் கலங்கியிருந்தது. கோபத்தாலா, அவர் முகத்தைப் பார்த்தா என்று எனக்குத் தெரியாது. எனக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மிச்சமிருந்த பலகையும் எண்ணெய் குடித்ததுதான். அப்போது துறைமுகத்து வேலை கைகொடுத்தது. பிடிக்க ஏலாத சாமானை நாங்கள் ஒரு தட்டில் இறுக்கி, தட்டைத்தான் தூக்குவோம். அதையே இங்கே செய்தோம். எம்.டி.எஃப் தட்டு ஒன்று, இரு பக்கமும் பலகையைவிடச் சற்று உயர்ந்த சட்டங்கள், நடுவில் அடியிலிருந்து திருகாணியால் இறுக்கிய பலகை. இனி பெல்ட் பிடிப்பது தட்டை, ரோலர் அழுத்துவது சட்டத்தை. சட்டங்களை மயிரிழை பிசகாமல் இழைத்துத் தந்தவர் ஓடாவிதான். நான் பெல்ட்டை ஸ்பிரிட்டால் துடைத்தேன்.

ஐந்தாவது எழுத்து முடிந்தபோது மூவரும் மெஷின் மேல் குனிந்தோம். ஆறாவது தன் இடத்தில் வந்து விழுந்தது. ஏழாவதும்.

அன்று முதல், வழுக்கும் மெஷின் என்று யார் கூப்பிட்டாலும், அந்த மரத்தை யார் தந்தார், என்ன செய்து தந்தார் என்று கேட்ட பிறகுதான் ஸ்பானரை எடுக்கிறேன். அன்று மெஷினிடம் பத்துக் கேள்வி கேட்டேன். பத்தடி தள்ளி நின்ற மனிதரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

நான் சாமான்களைப் பைக்குள் போட்டு வெளிக்கிட்டபோது, வாசலில் ஓடாவி எண்ணெய்ப் போத்தலும் துணியுமாக நின்றார். உள்ளே வரவில்லை.

"இப்பப் பூசலாமா, மகள்?"

ரிஸானா பலகையை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். "பூசுங்க வாப்பா. எழுத்துக்குள்ளயும் போற மாதிரி நல்லாப் பூசுங்க."