எந்த வீட்டுக்காரர்?

சமூகப்பணி என்பது அடுத்தவர் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, அவர்கள் கலக்கிக் கொடுத்த மைலோவைக் குடித்துக்கொண்டே, அவர்கள் வாழ்க்கையைப் பாரத்தில் நிரப்புகிற தொழில்.

ஷா ஆலமில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பதினாறு வருஷம் மனிதவளப் பிரிவில் இருந்தேன். ஆளை எடுப்பதும் ஆளை அனுப்புவதும்தான் வேலை. அது அலுத்துப்போய், நாற்பத்தொரு வயதில் சமூகப்பணியில் மாஸ்டர்ஸ் சேர்ந்தேன். வேலைக்கும் போய்க்கொண்டு பட்டமேற்படிப்பும் படிக்கும் புண்ணியவான்களே, உங்களுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு ஒரு வரி: சனிக்கிழமை வகுப்பு, வாரத்தில் இரண்டு நாள் களப்பணி, சுப்பர்வைசர் கையெழுத்துப் போடவில்லை என்றால் நீங்கள் எங்கேயும் போகவே இல்லை என்று அர்த்தம்.

தண்ணி ஃபில்டர்

எனக்குக் கிடைத்த இடம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கும் குடும்ப நல மையம். மையம் அங்கே, எனக்குக் கொடுத்த குடும்பமோ கிள்ளானில். முதல் நாள் போனேன். ஃபிளாட்டில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. கையில் ஃபைல், கழுத்தில் அட்டை, காலில் புது ஷூ, இந்தக் கோலத்தில் நாலு மாடி ஏறி, மூச்சு வாங்கி, சரியாகத் தப்பான கதவைத் தட்டினேன்.

ஓர் ஆன்டி இரும்பு கேட்டுக்குப் பின்னால் வந்து நின்றார். வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி சிரித்தேன். குடும்பத்தின் தேவைகளை நாம் சேர்ந்து கண்டறியலாம், கட்டாயம் ஏதும் இல்லை, நீங்கள் சொல்வது ரகசியமாக இருக்கும் என்றெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். பாவம், முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "நல்லாதான் பேசுறம்மா. ஆனா எங்க வீட்டுல தண்ணி ஃபில்டர் ஏற்கெனவே ரெண்டு இருக்கு லா."

பக்கத்துக் கதவு

நான் தேடிப் போன தேவி அடுத்த வீட்டில் இருந்தாள். முப்பது வயது, ஜெஞ்சாரோம் பக்கம் பிறந்தவள். அவளுக்குக் காசநோய் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கணவர் குணா ஜொகூருக்கு லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. அதனால் ஒரே மகள் ஷர்மினியை ரவாங்கில் ஒரு பிள்ளைகள் இல்லத்தில் விட்டார்கள். இப்போது தேவிக்கு உடம்பு தேறிவிட்டது, டாக்டர் கடிதமே கொடுத்துவிட்டார். பிள்ளையைத் திருப்பி அனுப்பலாமா என்று இல்லத்தின் குழு முடிவு செய்யும். குழு பார்க்கப்போவது வீட்டைப் பற்றிய அறிக்கையை. அந்த அறிக்கையை எழுதப்போவது, அடியேன்.

ஷர்மினிக்கு ஏழு வயது ஆகிறது. ஜனவரியில் பள்ளியில் முதலாம் ஆண்டு சேர வேண்டும். தேவி, வீட்டுக்குப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் பெயர் பதிந்து, யூனிஃபார்மும் தைத்து வைத்திருந்தாள். எனக்கு அதைக் காட்டினாள். "கோர்ஸ் படிக்கிறவங்கன்னு சொன்னாங்க, பரவால்லக்கா, எழுதுங்க. ஸ்கூல் தொறக்கிற அன்னைக்கு என் பிள்ளைய நான் கூட்டிட்டுப் போகணும், எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

வெதர்

களப்பணியில் ஒரு சித்திரவதை உண்டு, பெயர் 'பிராசஸ் ரிக்கார்டிங்'. வீட்டுக்குப் போய்ப் பேசியதை எல்லாம், அவர் என்ன சொன்னார், நீ என்ன சொன்னாய் என்று வார்த்தை மாறாமல் எழுத வேண்டும். எந்த மொழியில் பேசினார்களோ அதே மொழியில். பக்கத்திலேயே இன்னொரு கட்டம், 'அப்போது உனக்கு என்ன தோன்றியது?' ஒரு மணி நேரம் பேசினால் மூன்று மணி நேரம் எழுத வேண்டும். எனக்குத் தமிழ் டைப்பிங் வேறு வராது. அதனால் நைசாக எல்லாவற்றையும் இங்கிலீஷில் சுருக்கி அடித்துக் கொடுத்தேன்.

என் சுப்பர்வைசர் ரேச்சல் மேடத்துக்கு இருபது வருஷ அனுபவம், சிரிப்பு மட்டும் மாதத்துக்கு ஒன்று. தேவி சொன்னது எங்கே, இது நீ சொன்னதாயிற்றே என்றார். நேரமில்லை மேடம் என்று பல்லைக் காட்டினேன். அடுத்த தடவை தமிழிலேயே எழுது என்று சொல்லிவிட்டு, 'என்ன தோன்றியது' கட்டத்தைப் பார்த்தார். நாலு மாடி ஏறிப்போனதால் 'வியர்த்தது' என்று உண்மையைத்தான் எழுதியிருந்தேன். "வியர்த்தது ஃபீலிங் இல்லம்மா, வெதர்."

சத்தம்

இரண்டாம் தடவை போனபோது தேவி முகம் வாடியிருந்தது. என்னவென்று கேட்டேன். "வீட்டுக்காரரு வந்துட்டுப் போனாருக்கா. வந்தாலே ஒரே சத்தம்தான். கதவப் போட்டு இடிக்கிறாரு. சாமானையெல்லாம் தூக்கி வெளிய போட்ருவேங்கிறாரு" என்றாள். எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. அடடா, வகுப்பில் சொன்னார்களே, மூன்றாவது கேள்வியில்தான் உண்மை வெளியே வரும் என்று! குடித்திருந்தாரா என்று கேட்டேன். அது தெரியாது, ஆனால் கண் சிவந்திருந்தது என்றாள். எவ்வளவு நாளாக இப்படி என்றேன். நாலு மாசமாக என்றாள்.

ஒரு பெண்ணின் வாயிலிருந்து இவ்வளவு பெரிய விஷயத்தை வரவழைத்துவிட்டேனே என்று, இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, உள்ளுக்குள் ஒரு பூரிப்பு. அன்றைக்கே அறிக்கை எழுதினேன், இங்கிலீஷில்தான். கணவர் வரும்போதெல்லாம் கத்துகிறார், கதவை இடிக்கிறார், மனைவியை வெளியேறச் சொல்கிறார், பிள்ளைக்கு இந்தச் சூழல் பாதுகாப்பில்லை. நான் கிளம்பும்போது தேவி வாசல் வரை வந்து மெதுவாகச் சொன்னதையும் சேர்த்து, அடிக்கோடு போட்டேன்: "அவரப் பத்திச் சொன்னத எழுதிறாதீங்கக்கா, காதுக்குப் போச்சுன்னா வீட்ட விட்டே அனுப்பிருவாரு."

அப்பாவி

மேடம் அந்த வாரம் லீவு. மையத்தில் அவசரம் என்று என் அறிக்கையை அப்படியே ரவாங்குக்கு அனுப்பிவிட்டார்கள். டிசம்பரில் குழு கூடியது. நானும் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பிள்ளை இங்கேயே இருக்கட்டும், இல்லத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மலாய்ப் பள்ளியில் சேர்த்துவிடலாம், தகப்பன் கவுன்சலிங் வரட்டும், ஜனவரி கடைசியில் மறுபடி பார்க்கலாம். என் அறிக்கை மிகத் தெளிவாக இருந்தது என்று பாராட்டினார்கள். அந்தப் பாராட்டை வீட்டுக்குப் போய் என் கணவரிடமும் சொன்னேன்.

தேவிக்குப் போனில் தகவல் சொல்லும் வேலையும் எனக்கே வந்தது. 'வீட்டுச் சூழல் இன்னும் சரியாகவில்லை' என்று மட்டும் சொல்ல எனக்கு அனுமதி. சரிக்கா என்று வைத்துவிட்டாள். குழு கூடிய அன்றே, கூட்டம் முடிந்து கதவைச் சாத்தும்போது இல்லத்து வார்டன் அக்கா சொல்லியிருந்தார்: "மாசாமாசம் பிள்ளையப் பாக்க வர்ற ஆளுதான் அந்த அப்பா. பலகாரப் பையும் கையுமா வந்து நிப்பாரு. பாத்தா அப்பாவி மாதிரி இருக்காரு, ஆளப் பாத்து நம்பவே முடியல பாருங்க."

கத்துகிறவர்

பள்ளி திறந்த வாரத்தில், புதன்கிழமை, குணா கவுன்சலிங்குக்கு பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்ந்தார். லோரியை எங்கேயோ நிறுத்தி ஹசார்ட் லைட் போட்டுவிட்டு ஓடிவந்திருந்தார். ஒல்லியான மனிதர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பேசினால் குரல் மேசையைத் தாண்டவில்லை. ரேச்சல் மேடம் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அறிக்கையைப் பார்த்தார்.

"தேவி சொன்ன வார்த்தை என்ன? அவங்க சொன்னது அப்படியே வேணும், உன் இங்கிலீஷ் வேண்டாம்" என்றார். தேவி வீட்டில் தமிழிலேயே குறித்துவைத்திருந்த என் நோட்டைத் திறந்து வாசித்தேன். வீட்டுக்காரரு வந்துட்டுப் போனாருக்கா. முதல் வார்த்தையிலேயே நிறுத்தி, மறுபடி வாசித்தேன். என் அம்மா அப்பாவை வீட்டுக்காரர் என்றுதான் சொல்வார். எனக்கு அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தமே இல்லை. வாடகைக்கு வீடு விட்டவரை நானெல்லாம் ஹவுஸ் ஓனர் என்றுதான் சொல்வேன். தேவியோ கணவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'ஷர்மினி அப்பா' என்றுதான் சொல்லியிருக்கிறாள். என் நோட்டிலேயே ஏழு இடத்தில் இருந்தது. ஒரே பக்கத்தில் ஷர்மினி அப்பாவும் வீட்டுக்காரரும் தனித்தனியாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் இருவரையும் நான் ஒரே 'ஹஸ்பன்ட்' ஆக்கிவிட்டேன்.

அலாமா! எழுந்து எங்கேயாவது போய்விடலாம் போல இருந்தது. குணா கோபப்படவில்லை, அதுதான் இன்னும் மோசம். ரொம்ப மரியாதையாக விளக்கினார்: "மேடம், அது வீட்டு ஓனரு. நான் கத்துனா எனக்குச் சோறு யாரு போடுவா?"

தமிழ்

அன்று சாயங்காலமே கிள்ளானுக்குப் போனேன். மேடமும் கூட வந்தார். மன்னிப்பை நான்தான் கேட்க வேண்டும், தான் வாயைத் திறக்கப்போவதில்லை என்று வண்டியிலேயே சொல்லிவிட்டார். சொன்னேன். என்ன எழுதினேன், எப்படி எழுதினேன், அதனால் என்ன ஆனது, எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளி திறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. யூனிஃபார்ம் இன்னும் அலமாரிக் கதவில் தொங்கியது.

தேவி முதலில் புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் அது அவளுடைய அழுகை, நான் அதில் பங்கு கேட்கக் கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள். இன்று வரை எந்தப் பேராசிரியரும் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. "உங்களுக்குத் தமிழ் தெரியும்னுதானக்கா நான் தமிழ்ல சொன்னேன்?"

நிஜ வீட்டுக்காரர்

திருத்திய அறிக்கையைத் தமிழில் எழுதி, பிறகு மொழிபெயர்த்தேன். வார்த்தைக்கு வார்த்தை மேடம் பார்த்தார். "அவ சொன்ன பிரச்சினை அப்படியே இருக்கே, அதை யாரும் கவனிக்கலையே" என்றார். உண்மைதான். வீட்டு ஓனருக்கு அந்த வீட்டைக் காலி செய்து, தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்த சாப்பாட்டுக் கடை வேலையாட்களுக்கு ஹாஸ்டலாக விட ஆசை. தேவி குடும்பம் இந்தக் கூரைக்குக் கீழே நிலைத்து இருக்குமா என்பதைக் குழு கட்டாயம் கேட்கும்.

போய் அவரைப் பார்த்தேன். கிள்ளானில் அச்சுக்கடை வைத்திருக்கிறார். பெரிய உடம்பு, அதற்கேற்ற குரல். சண்டைக்குத் தயாராகப் போனேன். அவரோ என்னைக் கண்டதும் எழுந்து, கடைக்கு உள்ளே அழைத்துப்போய், குரலைத் தணித்துக்கொண்டார். குணா போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாராம். ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தம் எழுதி, முத்திரையும் குத்தி, கையில் கொடுத்தார். இப்போதும் கண் சிவந்துதான் இருந்தது, குடி ஒன்றும் இல்லை, அச்சு மையின் எரிச்சலாம். வாசல் வரை வந்து கெஞ்சினார்: "என்னைய அந்தப் பொண்ணுக்குப் புருஷனா எழுதுன பேப்பர் எங்க இருக்கு மிஸ்? அதக் கிழிச்சிருங்க, என் சம்சாரத்துக்குத் தெரிஞ்சா நானே வீடு தேடணும்."

ஜன்னல்

ஜனவரி கடைசியில் குழு மறுபடி கூடியது. இந்தத் தடவை ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள், முக்கால்வாசி நேரம் என்னைக் கேள்வி கேட்டார்கள். கேட்கட்டும். ஷர்மினி அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தாள். திங்கட்கிழமை, பள்ளி திறந்து நாலாவது வாரத்தில், தமிழ்ப்பள்ளியில் சேர்ந்தாள்.

அன்று மத்தியானம் கடைசி தடவையாகப் போனேன். தேவி மைலோ கலக்கிக் கொடுத்தாள். மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்கவில்லை. அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. காலையில் நடந்ததைத்தான் சொன்னாள். பிள்ளையை வகுப்பில் விட்டுவிட்டு வெளியே நின்றாளாம். பள்ளியில் காவலுக்கு இருக்கும் ஜாகா வந்து, மணி அடிக்கிற வரைக்கும் நிற்கப்போகிறீர்களா என்று கேட்டாராம். ஆமாம் என்றாளாம். நோட்டை எடுத்து, அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே எழுதிக்கொண்டேன்: "மொத நாளுன்னா எல்லா அம்மாவும் ஜன்னல்ல ஒட்டிக்கிட்டு நிப்பாங்கக்கா. இன்னைக்கு நான் ஒருத்திதான் நின்னேன். பிள்ள திரும்பிப் பாத்ததும் என்னைக் கண்டுபிடிச்சிட்டா, தேட வேண்டியதே இல்ல."

களப்பணிக்கு எனக்கு ஏ மைனஸ் போட்டார்கள். அந்த ஏ எப்படி வந்தது என்றுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.