கோளாறே இல்லாத ஷிஃப்ட்

எங்கள் தொழிலுக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது என்று என்னிடம் சொன்ன யாரும் எங்கள் தொழிலில் இருந்ததில்லை. அப்படிச் சொன்னவர்களில் கடைசியாக வந்தவர் ஓர் ஆலோசகர் அம்மா. தரமணிப் பக்கத்திலிருந்து காரில் கிளம்பி, எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டு வந்தவர், களைப்பு தீராமலேயே மைக்கைப் பிடித்தார். ஆட்டோமேஷன் எங்கள் வேலையைப் பறிக்காதாம். எங்களை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகுமாம். கேன்டீனில் வரிசையாக உட்கார்ந்து கேட்டோம். ஆளுக்கு இரண்டு சமோசா கொடுத்தார்கள். அடுத்த கட்டம் எங்கே இருக்கிறது, கும்மிடிப்பூண்டி லைனில் எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

பாதிப் பேச்சில் மைக் கீச்சிட ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்த என் தோஸ்து எழுந்து போய், பின்பக்க வயரை ஆட்டிப் பார்த்து, கழன்றிருந்த இணைப்பை முறுக்கிவிட்டு வந்தான். சமோசா முடிந்ததும் நேராக ஷிஃப்ட் ஆபீசுக்குப் போனான். ரிஜிஸ்டரைத் திறந்து, கேன்டீன் மைக்கில் என்ன கோளாறு, எப்படிச் சரி செய்தான் என்று நான்கு வரி எழுதினான். அவன் அப்படிப்பட்டவன். நாங்கள் அவனை 'கவிஞரே' என்றுதான் கூப்பிடுவோம்.

எங்களுடையது சமையல் எண்ணெயை பாக்கெட்டில் அடைக்கிற ஆலை. எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன்கள் மூன்று பேர், ஷிஃப்டுக்கு ஒருவர். நான், ராயபுரத்திலிருந்து வரும் இவன், ஓய்வுபெறும் நாளை காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்த ஒரு பெரியவர். கடல் ஆலைக்கு வெகு அருகில் இருந்தது. அனல்மின் நிலையச் சாம்பல் அதைவிட அருகில். பாக்கெட்டை எங்கே வெட்டுவது என்று பார்க்கிற சென்சாரின் கண்ணாடியில் உப்பும் சாம்பலும் சேர்ந்து படியும். மெஷின் கண்டபடி வெட்டும், தரையெல்லாம் எண்ணெய் ஓடும். பழைய பனியன் துணியால் துடைத்தால் சரியாகிவிடும். எடை பார்க்கிற பகுதியின் இணைப்புப் பெட்டிக்குள் ஈரம் இறங்கினால் ஒரு லிட்டர் பாக்கெட் தன் இஷ்டத்துக்கு எடை காட்டும். அதற்கு நாங்கள் வைத்திருந்த கருவி, பெண்கள் தலை காயவைக்கிற ஹேர் டிரையர். பத்து நிமிடம் சூடு காட்டினால் போதும். மூவரின் பையிலும் ஆளுக்கொன்று இருந்தது.

ஆனால் நானும் பெரியவரும் இதையெல்லாம் எழுத மாட்டோம். ரிஜிஸ்டரில் நாங்கள் எழுதியது எப்போதும் ஒன்றேதான்: 'செக் செய்தேன், ஓகே.' கோளாறு என்று எழுதினால் ஒரு ரோஸ் கலர் படிவம் வரும். அதில் ஐந்து முறை 'ஏன்' என்று கேட்டிருக்கும். மெஷின் ஏன் நின்றது? ஈரம். ஏன் ஈரம்? காற்று. ஏன் காற்று? கடல். அதற்குமேல் இரண்டு 'ஏன்' மிச்சம் இருக்கும். கடலை ஏன் அங்கே வைத்தார்கள் என்று நான் யாரைக் கேட்பது? அதனால் மெஷின் நின்ற நேரத்தை ஆபரேட்டர், பாக்கெட் பிளாஸ்டிக் சுருளை மாற்றியதாக, 'ரோல் மாற்றம்' என்று குறித்துக்கொள்வார், நான் ஓகே போடுவேன். எல்லோரும் நேரத்துக்கு வீட்டுக்குப் போவோம்.

சோம்பல் மட்டுமே காரணம் என்றால் மன்னித்துவிடலாம். எனக்கு இதில் ஒரு பெரிய தத்துவமும் இருந்தது. அதை நான் கவிஞருக்குப் பலமுறை உபதேசித்திருக்கிறேன்.

"இன்னாத்துக்கு நைனா இவ்ளோ எழுதறே?"

"எழுதி வச்சா அட்த்து வர்றவனுக்கு ஒத்தாசயா இருக்கும் மாமு. ரெண்டு வரி எழுதினா கையா ஒடிஞ்சிடப் போவுது?"

"எல்லாத்தியும் எழுதிக் குட்துட்டா அப்புறம் நம்ப எதுக்கு? நம்ப கைல கீறது நம்ப கைலயே இருக்கணும். அப்பதான் எவனும் நம்ள அசைக்க முடியாது."

அவன் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டே இருந்தான். பிழைக்கத் தெரியாதவன் என்று நான் நினைத்தேன்.

ஆலோசகர் அம்மா பன்னிரண்டு வருட ரிஜிஸ்டர்களையும் அள்ளிக்கொண்டு போய்க் கம்ப்யூட்டருக்கு ஊட்டினார். இனி எந்தக் கோளாறு எப்போது வரும் என்று அதுவே முன்கூட்டிச் சொல்லிவிடும், ஒரு டெக்னீஷியன் இருந்தால் போதும் என்று பேச்சு வந்தது. பெரியவர் எப்படியும் போகிறவர். அந்த ஒருவர் நானா அவனா என்பதுதான் கேள்வி. எனக்கு நாற்பத்தாறு வயது. எங்கள் தொழிலில் இந்த வயதுக்காரன் வேலை தேடிப் போனால், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பயமாக இருந்தது.

ஒரு நாள் மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சுவரில் பெரிய திரை. அதில் மூன்று தூண்கள். பெரியவருக்கும் எனக்கும் பச்சை நிறத்தில், தரையோடு தரையாக. மூன்றாவது சிவப்பு, மேல் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஆலையில் வந்த கோளாறெல்லாம் கவிஞரின் ஷிஃப்டில்தான் வந்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் கண்டுபிடித்திருந்தது. அவன் மெஷினைக் கையாளுகிற முறையில் ஏதோ தவறு என்றும் அதுவே ஊகித்திருந்தது. ஆலோசகர் அம்மாவின் முகத்தில் அவ்வளவு பெருமை. "டேட்டா பொய் சொல்லாது" என்றார்.

மேனேஜர் மோசமான ஆள் இல்லை. அவருக்கே ஏதோ இடித்திருக்க வேண்டும். என்னைப் பார்த்துக் கேட்டார்.

"உங்க ஷிஃப்ட்ல இந்த மாதிரி எதுவும் வர்றதில்லையா?"

அந்த வாரத்தில் மட்டும் இரண்டு முறை ஹேர் டிரையர் பிடித்திருந்தேன். சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். எங்கள் ஷிஃப்டிலும் வருகிறது சார், நாங்கள் எழுதுவதில்லை, அவன் எழுதுகிறான். சொன்னால் பன்னிரண்டு வருடமாகப் பொய் எழுதியவன் நான் என்று ஆகிவிடும்.

"பெருசா ஒண்ணும் வர்றதில்ல சார்" என்றேன்.

அந்த நேரத்தில் அவன் கீழே எண்ணெயில் முட்டி போட்டு சென்சாரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அடுத்த மாதம் அவனை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

நான் அடுத்த கட்டத்துக்குப் போனேன். அடையாள அட்டையில் 'ஆட்டோமேஷன் ஒருங்கிணைப்பாளர்' என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். ஒரு டேப்லெட், காலர் வைத்த ஒரு டி-ஷர்ட். மழை பிடித்ததும் எடை ஆட ஆரம்பித்தது. டேப்லெட்டைப் பார்த்தேன். மெஷின் பரிபூரண ஆரோக்கியத்தோடு இருப்பதாக அது சொன்னது. அதன் கணக்கில் கோளாறுக்குக் காரணமானவன்தான் போய்விட்டானே. நான் பையிலிருந்து ஹேர் டிரையரை எடுத்தேன். சரி செய்த பிறகு அதை டேப்லெட்டில் ஏற்றவும் முடியவில்லை. ஏற்றினால் சிவப்புத் தூண் என் பெயரில் முளைக்கும். மூன்று பேர் பார்த்த வேலையை ஒற்றை ஆளாகத் திருட்டுத்தனமாகப் பார்த்தேன். தாங்காமல் ஒரு நாள் மேனேஜரிடம் போய், உதவிக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்றேன்.

"சிஸ்டத்துல கோளாறே காட்டலியே" என்றார். "ஆள் எதுக்கு?"

கவிஞருக்கு வேறு ஆலை எதிலும் வேலை கிடைக்கவில்லை. தண்டையார்பேட்டையில் ஒரு கடையில் மின்விசிறிகளின் ரிமோட்டை ரிப்பேர் செய்துகொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஒரு நாள் திருவொற்றியூரில் என் வீட்டுக்கே வந்துவிட்டான். கோபமாக வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். டீயைக் குடித்து முடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தான்.

"மணலி புதுநகர்ல ஒரு கம்பெனில வேல கேட்டுகினு கீறேன் மாமு. எல்லாம் சரியா வந்துச்சு. நம்ப ஆலைக்குப் போன் போட்டு விசாரிச்சிருக்காங்க, இவங்க அந்த செவப்புத் தூண் படத்த அனுப்பிட்டாங்க. அந்த ஆபீசர் நல்ல மனுசன். அட்த்த ஷிஃப்ட்ல வேல பாத்த ஒர்த்தர், இதே கோளாறு எங்களுக்கும் வந்துதுன்னு எழுதிக் குட்தா எடுத்துக்கறேன்னாரு. ரெண்டு வரி போதும் மாமு. அத்தினிதான்."

ஞாயிற்றுக்கிழமை தருகிறேன் என்றேன்.

நான்கு நாட்கள் சாயங்காலம் உட்கார்ந்து எழுதினேன். முதல் நாள் அவன் கேட்டதை அப்படியே எழுதினேன். படித்துப் பார்த்தேன். அது மணலியிலிருந்து எங்கள் மேனேஜர் மேஜைக்கு வர எவ்வளவு நேரமாகும் என்று யோசித்தேன். கிழித்தேன். பிறகு வேறு மாதிரி எழுதினேன். இவர் ஒழுக்கமானவர். ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. கடுமையான உழைப்பாளி, பிறருக்கு உதவுகிறவர், கேன்டீன் மைக்கைக்கூட விடாமல் சரி செய்தவர். இரண்டு பக்கம் வந்தது. எதுவும் பொய் இல்லை. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அப்படியொரு நல்ல மனுஷன் நான்.

திருவொற்றியூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் வைத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தான். முதல் பக்கம் படித்தான், இரண்டாவது படித்தான். பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தான். நான் ரயில் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காகிதத்தை நான்காக மடித்து என் கையிலேயே கொடுத்தான்.

"இவ்ளோ எழுதிகீறே மாமு" என்றான். "ஒண்ணியும் எழுதல."

ரயில் வந்தது, ஏறிப் போனான். எனக்கு அவமானமாக இருந்தது. நிம்மதியாகவும் இருந்தது. நிம்மதிதான் கொஞ்சம் அதிகம். மறுநாள் காலை ஷிஃப்டுக்கு நேரத்துக்குப் போய்விட்டேன்.