கமிட்டி நோட்டில் ஒரு வரி

சிங்காநல்லூர்ப் பக்கம் பம்புசெட் மோட்டார் செய்யும் கம்பெனி ஒன்றில் கரோலினுக்குப் பத்தொன்பது வருட சர்வீஸ். செம்புக் கம்பி சுற்றும் வேலை. பாதுகாப்புக் கமிட்டிக்குத் தொழிலாளர் தரப்பில் ஒரு பெண் வேண்டும் என்றபோது அவரைப் போட்டார்கள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எதிர்த்துப் பேசவும் மாட்டார். இரண்டாவது காரணத்தை யாரும் வெளியே சொல்லவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேனேஜர் மனோஜ்குமாரின் அறையில் கூட்டம். முதலில் போன கூட்டத்தில் எழுதியதைக் கரோலின் வாசிப்பார். பிறகு டீயும் தேங்காய் பன்னும் வரும்.

"ஏதாச்சும் குறை இருக்குதுங்களா?" என்பார் மேனேஜர்.

"ஒண்ணுமில்லீங்க" என்பார்கள் எல்லோரும். விருந்துக்குப் போன வீட்டில் சாம்பாரில் உப்பில்லை என்று சொல்ல எங்கள் ஊர்க்காரர்கள் என்ன மரியாதை தெரியாதவர்களா? கரோலினும் 'குறை ஏதுமில்லை' என்று எழுதுவார். நான்கு வருடம், பதினாறு கூட்டம், அதே வரி. மாதம் தவறாமல் கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர் அவர். பக்கத்து வீட்டுக்காரியை மனசுக்குள் திட்டியதைக்கூடச் சாமியாரிடம் சொல்லியிருக்கிறார். இந்த வரியைச் சொன்னதில்லை. பாவம் என்று தெரிந்தால்தானே சொல்வதற்கு!

போன வருடம் பொங்கல் முடிந்து ஒரு வாரம் இருக்கும். சாப்பாட்டுக்குப் போகிற வழியில், தகடு வெட்டும் பிரஸ்ஸில் நின்ற சண்முகப்பிரியாவை அவர் பார்த்தார். அந்த பிரஸ்ஸுக்கு இரண்டு பொத்தான். இரண்டையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலிருந்து இரும்பு இறங்கும். கை இரண்டும் பொத்தானில் இருந்தால் உள்ளே மாட்டாதல்லவா, அதற்குத்தான் அந்த ஏற்பாடு. பிரியா ஒரு பொத்தானை அமுக்கினபடியே டேப் போட்டு ஒட்டியிருந்தாள். இடது கை மற்ற பொத்தானில். வலது கை தகட்டை உள்ளே வைத்து வைத்து எடுத்தது.

"ஏன் கண்ணு, இது ஆகாதில்ல?"

"எழுதிப்போடாதீங்க்கா. ரெண்டு கையும் வெச்சு அமுக்குனா டார்கெட் வராதுங்க. எல்லா மிசின்லயும் இப்புடித்தானுங்க."

டேப் ஓரத்தில் கழன்று தொங்கியது. கரோலின் போகிறபோக்கில் அதைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார். "பாத்துச் செய் அம்மணி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். பிப்ரவரிக் கூட்டத்தில் 'குறை ஏதுமில்லை' என்று எழுதினார்.

மார்ச் மாதம் பிரியாவின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

மூன்றாம் நாள் கமிட்டி கூடியது. டீயை யாரும் தொடவில்லை. 'தொழிலாளியின் கவனக்குறைவே காரணம்' என்று அடித்த தாளை மேனேஜர் நீட்டினார்.

"கையெழுத்துப் போட்டுருங்க்கா. எல்லாருக்கும் நல்லதுங்க."

போட்டால் பழி முழுக்க அந்தப் பெண் தலையில். போடாவிட்டால் பத்தொன்பது வருட வேலை ஆட்டம் காணும், தன் கட்டைவிரலும் சபைக்கு வரும். கரோலின் தாளைத் தள்ளிவைத்துவிட்டு நோட்டை எடுத்தார். எழுத எழுத வாய்விட்டுச் சொன்னார்.

"பொத்தானில் டேப் ஒட்டியிருந்ததை ஜனவரியிலேயே பார்த்தேன். கழன்ற டேப்பை நானே அழுத்தி ஒட்டினேன். அதன்பிறகு குறை ஏதுமில்லை என்று எழுதினேன். ஒட்டாமல் டார்கெட் வராது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கும் மூன்று பிரஸ்ஸில் டேப் இருக்கிறது."

"இது உங்களுக்கே வினையா முடியுமுங்க."

"முடியட்டுமுங்க. நீங்க வந்து பாருங்க. நாம பேசுற நேரத்துலயும் மிசின் ஓடிட்டுத்தான் இருக்குது."

அவர் எழுந்து நடந்தார். மற்றவர்களும் பின்னால் போனார்கள். அன்று மூன்று பிரஸ்களும் நின்றன.

அதற்காகக் கரோலினுக்கு யாரும் மாலை போடவில்லை. மெமோ வந்தது. டார்கெட் வராமல் இன்சென்டிவ் போன கோபத்தில் பிரஸ் பிரிவுப் பெண்கள் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் டேப் ஒட்டினால் ஓடாத மாதிரி பொத்தான்களை மாற்றினார்கள். இழுபறிக்குப் பிறகு டார்கெட்டும் இறங்கியது.

ஜூன் கூட்டத்துக்குப் புது உறுப்பினராகப் பிரியா வந்தாள். இப்போது ஸ்டோரில் வேலை. ஆஸ்பத்திரிக்கு ஆறு தடவை போயும் கரோலினுக்கு அவளிடம் சொல்ல வாய்வராத விஷயம் அந்த நோட்டில் இருந்தது. வழக்கப்படி அதை வாசித்தாக வேண்டும். 'நானே அழுத்தி ஒட்டினேன்' என்ற இடத்தில் கரோலினின் குரல் உடைந்துவிட்டது. தலையை நிமிர்த்தவே முடியவில்லை.

"தெரியுமுங்க்கா" என்றாள் பிரியா. "படுத்துக் கெடந்தப்ப அந்த டேப்பத்தான் நெனச்சுட்டே இருந்தேன். உங்க மேல கோவமாத்தான் இருந்துச்சு. இன்னும் இருக்குதுங்க."

கரோலின் தலையசைத்தார். நோட்டு பிரியாவிடம் போனது. இடது கையால் பேனாவைப் பிடித்து, கோணல் மாணலாக அவள் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். டீ வந்தது.

"ஏதாச்சும் குறை இருக்குதுங்களா?" என்று கேட்டார் மேனேஜர்.

"இருக்குதுங்க" என்றாள் பிரியா. நோட்டைக் கரோலின் பக்கம் நகர்த்தினாள். "எழுதுங்க்கா."