நடை வேகத்தில் ஒரு பந்தயக் கார்

கோலாலம்பூரை அடுத்த சுபாங் ஜெயாவில் என் தங்கை வீட்டுக் கதவைத் திறந்ததும் சுவரில் ஓர் இரும்புத் தண்டு தெரியும். அதில் முட்டை வடிவப் புடைப்புகள் வரிசையாக இருப்பதால் சாவி மாட்ட வசதி. புதிதாக வருகிறவர்கள் நவீனச் சிற்பம் என்று நினைத்துப் பாராட்டுவார்கள். ஒரு கல்யாணத்தையே கலைக்கப் பார்த்த கேம்ஷாஃப்ட் அது என்று நாங்கள் சொல்வதில்லை.

எழுபதுகளின் கடைசியில் தங்கைக்கு நிச்சயமான மாப்பிள்ளை சாலாக் செலாத்தானில் பட்டறை வைத்திருந்தார். பந்தயக் கார்களுக்கு கேம்ஷாஃப்ட் மாற்றுவதும் வால்வு ஸ்பிரிங் போடுவதும்தான் தொழில். எஞ்சின் வால்வுகளைத் திறப்பவை அந்தத் தண்டின் புடைப்புகள். புடைப்பைப் பெரிதாக்கினால் வால்வு கூடுதல் நேரம் திறந்திருக்கும். கார் வேகத்தில் பாயும். மெதுவாகப் போகச் சொன்னால் மட்டும் இருமும், குலுங்கும், அணைந்துவிடும். இந்த இரண்டாவது குணத்தைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை.

என் அப்பா ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். மனிதர்களையும் ரயில்களைப் போலவே மதிப்பிடுவார். பட்டறைக்கார மாப்பிள்ளைக்கு ஒருவழியாகச் சம்மதித்தவர், ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "அந்தக் காரு சத்தம் கல்யாண வாசலுக்கு வரக்கூடாது. வந்தா நான் எந்திரிச்சுப் போயிருவேன்." சொன்னால் செய்வார். சொந்தத் தம்பியின் கல்யாண விருந்து தாமதமானதற்கே பாதியில் எழுந்து போனவர். தங்கை அதற்குப் பிறகு சரியாகத் தூங்கவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் கோயிலிலிருந்து மண்டபம் வரை மாப்பிள்ளை ஊர்வலம். போலீஸ் அனுமதியை நான்தான் வாங்கினேன். உரிமப் பிரிவில் வேலை பார்த்ததால், எந்தக் கவுன்டரில் விளக்கம் சொல்ல வேண்டும், எந்தக் கவுன்டரில் சிரித்தால் போதும் என்பது எனக்கு அத்துபடி. வாகனம் நடை வேகத்தில் செல்ல வேண்டும் என்று அனுமதியில் தெளிவாக எழுதியிருந்தது. வாடகைக்குச் சொல்லியிருந்த வெள்ளைக் கார் அன்று காலை வேறொருவர் கல்யாணத்துக்குப் போய்விட்டது. மாப்பிள்ளை தன் பந்தயக் காரையே கழுவி, மெருகேற்றி, மல்லிகைச் சரம் கட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார். கேம்ஷாஃப்டை மாற்றத்தான் நேரமில்லை.

"நானே ஓட்டுறேன் மச்சான். வேற யாருக்கும் இது அடங்காது" என்றார்.

அவருக்கும் அடங்கவில்லை. கார் குலுங்கிய குலுக்கலில் மல்லிகைச் சரம் அறுந்து விழுந்தது. சற்று நகர்ந்ததும் எஞ்சின் அணைந்தது. மறுபடி கிளப்பி, வேகத்தைக் கூட்டினார். கார் ஒரே தாவாகத் தாவ, நாதஸ்வரக்காரர் வாத்தியத்தோடு கால்வாய் ஓரத்துக்குத் தாவினார். தவில்காரர் குச்சியை ஓங்கிக்கொண்டு வந்தார். "பாஸ், உங்க காரு தாளம் தப்புதுலா! ஒண்ணு அது வாசிக்கட்டும், இல்ல நாங்க வாசிக்கிறோம்!"

முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த திருப்பத்துக்கு அப்பால் மண்டப வாசலில் அப்பா கைக்கடிகாரத்தோடு நிற்பார். மாப்பிள்ளை எஞ்சினை அணைத்துவிட்டு, ஜன்னல் வழியே தலையை நீட்டினார். பந்தயத்தில் கார் கவிழ்ந்தபோதும் சிரித்தவர் என்று கேள்வி. இப்போது முகத்தில் ரத்தமே இல்லை.

"மச்சான், மாமா காதுல விழுந்தா அவ்வளவுதான். தள்ளுவீங்களா?"

பட்டு வேட்டியை மடித்துக் கட்டினேன். ஊர்வலத்தில் வந்திருந்த பட்டறை ஆட்கள் இருவரும் நானும் தள்ள, மாப்பிள்ளை திருமலை நாயக்கர் கணக்காக நிமிர்ந்து உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடிக்க, நாதஸ்வரம் மட்டும் முழங்க, கார் வாசலை அடைந்தது. போலீஸ் நிபந்தனையை அத்தனை நுணுக்கமாகக் கடைப்பிடித்த ஊர்வலம் கோலாலம்பூரில் வேறு இருந்திருக்காது. அப்பா கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு வியர்வையில் நனைந்திருந்த என்னைப் பார்த்தார்.

"நீ ஏன்டா பின்னால வர்ற?"

"பெர்மிட்டுல அப்படித்தான்பா போட்டிருக்கு."

அவர் கடிகாரத்தை மறுபடி பார்த்துவிட்டு உள்ளே நடந்தார். தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, தங்கை காரில் ஏறினாள். நானும் பட்டறை ஆட்களும் பழையபடி பின்னால் போய்க் கை வைத்தோம். அப்பா ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"மாப்பிள்ளை, கல்யாணம்தான் முடிஞ்சிருச்சே. இனிமே ஸ்டார்ட் பண்ணுங்க. பையன் வேட்டி ஏற்கெனவே கரியாயிருச்சு."

எஞ்சின் உறுமியதில் மண்டப ஜன்னல்கள் அதிர்ந்தன. அப்பா காதைப் பொத்திக்கொண்டு, கார் மறையும்வரை வாசலிலேயே நின்றார்.

போன வருடம் தங்கையின் கடைசி மகளுக்குக் கல்யாணம். புது மாப்பிள்ளை மின்சாரக் காரில் வந்தார். சத்தமே இல்லை, கேம்ஷாஃப்டும் இல்லை. நடை வேகத்தில் அழகாக ஊர்ந்தது. பின்னால் நடந்த என் கை, தானாகவே காரின் மேல் போய் உட்கார்ந்தது.

"விடுங்க மச்சான், இது தானா போகும்" என்றார் தங்கையின் கணவர். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

மறுநாள் புது மாப்பிள்ளை சுபாங் ஜெயா வீட்டுக்கு விருந்துக்கு வந்தார். கார் சாவியை மாட்டத் தங்கை கை நீட்டினாள். அவர் ஓர் அட்டையைக் கொடுத்தார்; மின்சாரக் காருக்கு அதுதான் சாவியாம். அதில் மாட்ட ஓட்டையே இல்லை. என் தங்கை அதைத் தண்டின் புடைப்புகளுக்கு இடையே செருகிப் பார்த்தாள். கச்சிதமாக நின்றது.