ஞா. ஸ்டெல்லாவும் கயா நாட்டு ராணியும்

பச்சை எனாமல் பெயிண்ட் காய்வதற்கு எங்கள் நூம்பலில் ஒரு பகல் முழுக்க ஆகும், அதுவரை தெரு முழுக்க அந்த வாடைதான். தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூர் நெடுஞ்சாலைப் பக்கம் கார் தொழிற்சாலை வந்ததும், கொரியாக்காரர்கள் சிலர் பூந்தமல்லிச் சுற்றுவட்டாரத்தில் வீடு தேட ஆரம்பித்தார்கள். அப்படி ஒரு கொரியத் தம்பதி எங்கள் எதிர்வீட்டு மாடிக்குக் குடிவந்தபோது, வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. ஊருக்கே தெரியட்டும் என்று அவர்கள் பெயரைக் கேட்டில் எழுத ஆள் கூட்டி வந்தார். எழுத வந்தவர் நம் வழக்கப்படி இரண்டு பெயரிலும் முதல் சொல்லுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து, ‘பாக். டே சிக், ஹோ. சூன் ஜா’ என்று அழகாக எழுதிவிட்டுப் போனார்.

அந்தப் புள்ளிதான் வினை. கட்டிய பெண்டாட்டிக்குப் புருஷன் பெயர்தானே இனிஷியல்? புருஷனுக்கு ‘பாக்’, பெண்டாட்டிக்கு ‘ஹோ’ என்றால் என்ன அர்த்தம்? கொரியாவில் குடும்பப் பெயர் முன்னால் வரும் என்பதோ, கல்யாணமானாலும் பெண் தன் குடும்பப் பெயரை விடமாட்டாள் என்பதோ எங்கள் தெருவில் யாருக்குத் தெரியும்! தண்ணீர்க் குழாயடியில் ஒரே வாரத்தில் தீர்ப்பு வந்துவிட்டது: அது தாலி கட்டின ஜோடி இல்லை, “சேத்துக்கினது”.

அந்தச் சொல் எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத சொல். என் அப்பா சவரிமுத்து நெமிலிச்சேரியில் வேறொருத்தியோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். அம்மா ஞானம்மாள் ஆவடியில் ராணுவ உடுப்புத் தைக்கும் தொழிற்சாலைக்குப் பஸ் ஏறிப் போய் என்னைத் தனியாக வளர்த்தாள். ஆனால் என் பெயருக்கு முன்னால் மட்டும் அந்த மனிதர் ‘ச.’ என்று சட்டமாக உட்கார்ந்திருந்தார். அந்த வருடம் நான் பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வுச் சான்றிதழில் எந்த எழுத்து ஏறுகிறதோ அது சாகும்வரை கூடவரும் என்று டீச்சர்கள் சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரிந்தது. பாலூட்டி, பரீட்சைக்குப் பணம் கட்டி, காய்ச்சலில் பக்கத்திலேயே உட்கார்ந்தவள் எழுத்து எங்கே? நான் ஞா. ஸ்டெல்லா. எனக்கு அது வேண்டும், அவ்வளவுதான்.

லீவு நாளில் அம்மா வீட்டிலும் மெஷின் போட்டுத் தைத்துக் கொடுப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், திரைச்சீலை தைக்கத் துணியோடு வந்து நின்றாள் அந்தக் கொரிய அக்கா. முப்பது வயது இருக்கும். அளவெடுத்து முடிந்ததும் அம்மா சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டாள்: “ஏம்மா, உன் எழுத்து வேற, உன் ஊட்டுக்காரர் எழுத்து வேறயா கீதே, இன்னா விசயம்?”

என் பள்ளிக்கூட இங்கிலீஷில் அதைத் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அம்மா துணி வெட்ட வைத்திருந்த பழுப்புத் தாளை இழுத்து, தையல் சாக்பீஸால் ஒரு கப்பல் வரைந்தாள். அதற்குச் சிவப்புப் பாய். கப்பலில் அலையை அடக்கும் என்று நம்பி ஏற்றிய கோபுரம் போன்ற கல் அடுக்கு, அதன் பக்கத்தில் பதினாறு வயதுப் பெண். ஆயுத்தா என்ற தூர தேசத்திலிருந்து வந்து, கொரியாவின் தென்கோடியில் இருந்த கயா நாட்டின் முதல் ராஜா சூரோவைக் கட்டிக்கொண்டாளாம். நம் பீகார் கயா இல்லை, இது வேறு. அந்த ராஜா பொன் முட்டையிலிருந்து பிறந்தவர் என்றதும் அம்மா “அட போம்மா” என்றாள். ஆனால் மெஷினை நிறுத்திவிட்டாள்.

கயாக்காரர்கள் இரும்பு உருக்குவதில் பேர்போனவர்கள். கடல் தாண்டியும் அவர்கள் இரும்பு போனது. கடைசியில் பக்கத்து நாடான சில்லா அவர்களை விழுங்கிவிட்டது. பின்னால் வரலாறு எழுதியவர்கள் பழைய கொரியாவை ‘மூன்று ராஜ்ஜியம்’ என்று எண்ணி, நாலாவதான கயாவைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஜெயித்தவன் எண்ணினால் அப்படித்தான். சில்லாவை முதலில் ஆண்டது பாக் வம்சமாம். “இவருடைய ஆட்கள்தான் எங்கள் நாட்டைத் தின்றார்கள்” என்று அக்கா எதிர் மாடியைக் காட்டினாள். “அது எல்லா ஊட்லயும் நடக்கறதுதான்” என்றாள் அம்மா.

அப்புறம்தான் அக்கா முக்கியமான விஷயத்துக்கு வந்தாள். ராணிக்குப் பத்துப் பிள்ளைகள். நான் செத்தால் என் பெயர் இந்த மண்ணில் இருக்காதே என்று அவள் ராஜாவிடம் கேட்க, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயின் பெயரையே வைத்தார். அந்தப் பெயர்தான் ‘ஹோ’. நாடு போய், கோட்டை போய், பெயர் மட்டும் இன்னும் இருக்கிறது. இதோ எங்கள் தெருக் கேட்டில்கூட. நான் மொழிபெயர்த்து முடித்தபோது அம்மா திரைச்சீலை மடிப்பை நகத்தால் அழுத்திக்கொண்டே இருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

மறுவாரம் பள்ளிக்கூடத்தில் பெயர்ப் பட்டியல் வந்தது. அவரவர் பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போட வேண்டும். ‘ச. ஸ்டெல்லா’ என்று இருந்ததைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினேன். பெரிய டீச்சர் அம்மாவை வரச் சொன்னார். அம்மா பர்மிஷன் போட்டுவிட்டு ஆவடியிலிருந்து வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றாள். நான் பெரிய டீச்சரிடம் கப்பலில் தொடங்கி இரண்டு பிள்ளைகள் வரை மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது கொரியா, இது பூந்தமல்லி. அப்பா உயிரோட இருக்கார், அவர் எழுத்துதான் போடணும். கையெழுத்துப் போடலேன்னா பரீட்சை எழுத முடியாது” என்றார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். “போடுடி. பரிச்சைய உடாத. அந்தாளு எழுத்துக்காவ உன் படிப்பு போவணுமா?”

போட்டேன். அச்சடித்திருந்த ‘ச. ஸ்டெல்லா’வுக்கு நேராக, கட்டம் கொள்ளாத அளவுக்குப் பெரிதாக, ‘ஞா. ஸ்டெல்லா’ என்று போட்டேன். பெரிய டீச்சர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார். “கையெழுத்து அவங்கவங்க இஷ்டம், அதுக்கு நான் ஒண்ணும் சொல்ல முடியாது” என்று பட்டியலை அடுத்த பெண்ணிடம் தள்ளிவிட்டார். வெளியே வந்ததும் அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுச் சிரித்தாள்.

அன்றிலிருந்து என் கையெழுத்து அதுதான். பேங்கில் கேட்டிருக்கிறார்கள், பாஸ்போர்ட்டுக்குக் கேட்டிருக்கிறார்கள், பெயர் ஒன்று, கையெழுத்து ஒன்றா என்று. ஒவ்வொரு முறையும் சண்டை போட்டேன். கடைசியில் முறைப்படி பெயரையே மாற்றிக்கொண்டேன். இப்போது அந்த ராணி நம் ஊர்ப் பெண், தமிழச்சி என்று மேடையில் முழங்குகிறார்கள். இல்லை, வடக்கே அயோத்தி என்று வேறு சிலர் மல்லுக்கு நிற்கிறார்கள். அப்படி ஒருத்தி இருந்ததே சந்தேகம் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். யாரும் எப்படியும் போகட்டும். இவர்களில் ஒருவர்கூடத் தம் பிள்ளைக்குத் தாயின் எழுத்தைக் கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

நூம்பலில் அந்த மாடி வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். கேட்டும் இல்லை, குழாயடியும் இல்லை. கொரிய அக்கா எந்த ஊரில் இருக்கிறாளோ தெரியாது. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். எனக்கு இரண்டு பிள்ளைகள், இருவர் பெயருக்கும் முன்னால் ‘ஸ்’. பாவம் அந்தாளுக்கு ஒன்றாவது விட்டு வைக்கக் கூடாதா என்று சொந்தக்காரர்கள் என் கணவருக்காக இன்னும் பரிந்து பேசுகிறார்கள். ராணியாக இருந்தும் அவள் ஒரு ராஜாவிடம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. நான் யாரையும் கேட்கவில்லை.